கோடு இல்லாத ஓடை

வேதவல்லி காலையில் கதவைத் திறந்தால், தெருவில் போகிறவர்கள் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அழகைப் பார்க்க அல்ல; அந்த வயதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. தாள்வாசகி வீட்டில்தான் இருக்கிறாளா, வாசல் தெளிக்கிறாளா, துணி காயப்போடுகிறாளா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அன்றைக்கு முதலில் வந்தவள் ஜமீலா, பக்கத்து வீட்டுக்காரி. மண்ணைக் குழைத்து அடுக்கடுக்காக ஊற்றிச் சுவர் எழுப்பும் அச்சுப்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு, ஊரில் பாதி வீடுகளைக் கட்டிக் கொடுத்தவள். முந்தானையில் காய்ந்த மண் இல்லாமல் அவளைப் பார்ப்பது அரிது.

"இன்னாம்மா வேதா, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"இருந்தா சரி. மதி இல்லாம உன் வூடே வெறிச்சுனு கீது. எப்ப வருதாம்?"

"முகாம் முடிஞ்சா வந்துடும்க்கா. அப்பா கூட இருக்கு, கேட்டதெல்லாம் வாங்கிக் குடுப்பாரு. நாலு நாள் சந்தோஷமா இருந்துட்டு வரட்டும்."

"இருக்கட்டும், இருக்கட்டும். மலைக்காத்து பட்டா சதை போடும்" என்று சிரித்துக்கொண்டே ஜமீலா போனாள்.

புதூரில் இந்த 'இருக்கியா' வெறும் உபசார வார்த்தை இல்லை. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பாலாற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாலாறு இப்போது ஒரே வழியில் ஓடுவதில்லை. தண்ணீரையே கண்ணால் பார்க்காமல் பல தலைமுறை ஜனங்கள் அந்தக் கரையில் வாழ்ந்து செத்தார்கள். அப்புறம் பருவமழை புத்தி மாறி வந்தது. வந்த ஆறு, தன் பழைய இடங்களையெல்லாம் தேடித் தேடிப் புகுந்து ஊர்களை வாரிக்கொண்டு போனது. அணை கட்டிப் பார்த்தார்கள், உடைந்தது. கரையை உயர்த்திப் பார்த்தார்கள், ஏறி வந்தது. கடைசியில் ஒருவழியாக ஆற்றோடு சமாதானமாகப் போய்விடுவது என்று முடிவு கட்டி, சுழற்சிச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆறு எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த வழியாக ஓடியது என்பது பழைய நிலத்தாள்களில் இருக்கிறது. துரைமார் ஆட்சியில் சங்கிலி பிடித்து அளந்து அச்சடித்த தாள்கள், அதற்குப் பிறகு விமானத்திலிருந்து படம் எடுத்துத் திருத்திய தாள்கள், செயற்கைக்கோள் காலத்துத் தாள்கள். வருஷத்துக்கு ஒரு தாள். ஐப்பசி மழைக்கு முன்னால் மேல்மதகு திறக்கும். அந்த வருஷத்துத் தாளில் உள்ள வழியாக ஆறு போகும். விட்டுப்போன வழியில் வண்டல் கிடக்கும், ஜனங்கள் பயிர் வைத்துக்கொள்வார்கள்.

சட்டம் நல்ல சட்டம்தான், அதில் குறை சொல்வதற்கில்லை. கிணறுகளில் தண்ணீர் ஊறியது. ஒரே தொல்லை, ஆறு இடம் மாறும்போதெல்லாம் குறுக்கே இருக்கிறவர்களும் மாற வேண்டும். அதனால் பள்ளத்தாக்கு முழுக்க அவிழ்வீடுகள்தான். திருகாணியைக் கழற்றி, பலகைகளை அடுக்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். ஓர் ஆணி அடிக்கக்கூட மனசு வராத வீடுகள்.

யார் போக வேண்டும், யார் இருக்கலாம் என்று தாளைப் படித்துச் சொல்கிறவர்தான் தாள்வாசகர். அவர் சொல்வதை எப்படி நம்புவது? அதற்கும் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. ஆற்றுக் கோட்டுக்கு ஆகக் கிட்டத்தில் இருக்கும் வீடு, கரைவீடு, வாசகருடையது. அவர் அதில் குடும்பத்தோடு குடியிருக்க வேண்டும். படித்ததில் பிசகு இருந்தால் முதல் தண்ணீர் அவர் அடுப்பில்தான் ஏறும். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ தெரியாது, ஆனால் மனுஷர்களை நன்றாகத் தெரிந்தவன்.

வேதவல்லி படித்ததில் இதுவரை பிசகு வந்ததில்லை. அதனால்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு வார்த்தை சொன்னதும், ஆனைமேட்டில் இருந்த மொத்த ஊரும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு இங்கே இறங்கி வந்தது. "புதூர் நிலைமேடு. எந்தத் தாளிலும் இங்கே ஆறு இல்லை. இனிமேல் யாரும் எங்கேயும் போக வேண்டாம்" என்று அவள் சொன்னாள். நிலைமேடு! பள்ளத்தாக்கில் அந்த வார்த்தையைக் கேட்டால் கிழவர்கள் கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சொன்ன மறுமாதமே ஜமீலா அஸ்திவாரம் தோண்டினாள். அவிழ்வீடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊரே மண்சுவர் வைத்துக்கொண்டது. சுவரில் படம் மாட்டினார்கள். முருங்கை நட்டார்கள், தென்னை நட்டார்கள்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது இரண்டு பேர். வேதவல்லியும் அவள் புருஷன் பரந்தாமனும்.

இரண்டு பேருமே நீர்வழி வாரியத்தில் பயிற்சி எடுத்தவர்கள். பழகியதும் காதலித்ததும் தாள்களுக்கு மேலேதான். ஒவ்வொரு தாளையும் இரண்டு வாசகர்கள் தனித்தனியாகப் படித்து ஒப்பமிட வேண்டும் என்பது விதி. கல்யாணத்துக்கு அப்புறம் விதியை யார் பார்த்தார்கள்? வீட்டு வேலையைப் பங்கு போட்டுக்கொள்வதுபோலத் தாள்களையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாதி அவருக்கு, பாதி இவளுக்கு. அவர் படித்ததில் இவள் பார்க்காமலே ஒப்பமிடுவாள், இவள் படித்ததில் அவர். தாலி கட்டியவரைச் சந்தேகப்படுவதா என்ன! பயிற்சி நாளிலிருந்தே பரந்தாமனுக்கு நிறங்கள்தான் கண்ணில் படும். நீலம், கறுப்பு, சிவப்பு என்று படபடவென்று படித்துவிடுவார். பழுப்பு நிறத்தில் மெலிதாக வளைந்து வளைந்து போகும் சமவுயரக் கோடுகள் என்றால் அவருக்குக் கொட்டாவி வரும். "முடி உதிர்ந்து கிடக்கிற மாதிரி இருக்கு வேதா, இதை யார் எண்ணுவாங்க" என்பார். இவளுக்கோ அதுதான் உயிர். அதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் கிண்டல் பண்ணுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஜவ்வாது மலைமேல் வாரியத்தின் தலைமையகத்தில் பதவி உயர்வு கிடைத்தது. வாரியப் பணி என்பதால் கரைவீட்டு வழக்கத்திலிருந்து அவருக்கு விலக்கு. வேதவல்லியும் மகள் மதியும் புதூரில் இருந்தார்கள். போன மாதம் பள்ளி முகாம் என்று மதியையும் மேலே கூப்பிட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதகு திறப்பு. இந்த வருஷம் முறை வந்திருப்பது ஒரு பழைய துரைமார் தாளுக்கு. திறப்புக்குச் சில நாள் முன்னால் வாசகர் அந்தத் தாளை மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும். அது பரந்தாமன் பங்கில் போன தாள். எப்போதும் அவரே படித்துவிடுவார். இந்த முறை அவர் மலைமேல் இருந்ததால் வேதவல்லி முதல்முறையாக அதைத் தன் கையால் திறந்தாள்.

மூலத்தாள்கள் மேல்மதகில் முத்திரையிட்ட பெட்டகத்தில் இருக்கின்றன. மதகுப் பொறிகள் அவற்றைத்தான் படித்து நடக்கும். அங்கே யாரும் கை வைக்க முடியாது. வாசகர்களுக்குக் கிடைப்பது அவற்றின் நகல், ஒளித்தாள். மேசையில் விரித்தால் வெளிச்சத்தாலேயே ஆன படம் ஒன்று அகலமாகக் கிடக்கும். அன்று மத்தியானம் வேதவல்லி ஒரு தட்டில் எலுமிச்சை சாதத்தைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டபடியே பார்க்க உட்கார்ந்தாள்.

ஆறு நீலமாகப் போயிற்று. அந்தக் காலத்து அளவையாளர்கள் வெயில் நாளில்தான் கூடாரம் அடித்துக்கொண்டு வருவார்கள். தண்ணீர் இருந்த இடத்தை நீலத்திலும், வறண்டு மணலாகக் கிடந்த இடத்தைக் கறுப்பிலும் போட்டுவிட்டுப் போவார்கள். சட்டப்படி இரண்டும் ஆறுதான். நீலம் ஊருக்குத் தெற்கே தள்ளிப் போனது. கறுப்பு எதுவும் இல்லை. புதூர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறம், அதாவது விளைநிலம். எல்லாம் சரியாக இருந்தது.

வழக்கம்போல அவள் கண் பழுப்புக் கோடுகளுக்குப் போனது. சமவுயரக் கோடு ஆற்றைக் கடக்கிற இடத்தில், ஆறு வரும் மேற்றிசையை நோக்கி மூக்கை நீட்டும். பள்ளத்துக்குள் புகுந்து திரும்புவதால் வரும் வளைவு அது. முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். இந்தத் தாளிலும் முதல் கோடு வந்தது, ஆற்றில் மூக்கை நீட்டியது, திரும்பியது. கொஞ்ச தூரம் நேராகப் போய், இன்னொரு முறை சின்னதாக ஒரு மூக்கு. அங்கே ஆறு இல்லை. சரி, அச்சுப்பிசகு. அடுத்த கோட்டைப் பார்த்தாள். அதுவும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. மூன்று கோடுகளும் ஒரே திசையில், ஒன்றன்பின் ஒன்றாக மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. எதற்குள்? ஒன்றும் இல்லாத மஞ்சள் நிலத்துக்குள். இதென்ன கூத்து! பள்ளம் இருக்கிறது, பள்ளத்தில் ஓட வேண்டிய ஓடையைக் காணோம். நிலத்தை அங்குலம் அங்குலமாக நடந்து அளந்தவன், பள்ளத்தைப் பார்த்துவிட்டு அதன் அடியில் கிடந்த மணல் ஓடையை மட்டும் பார்க்காமல் போவானா?

விரலால் மூன்று மூக்குகளையும் சேர்த்துப் பார்த்தாள். ஊருக்கு மேலே ஆற்றிலிருந்து பிரிந்து, மசூதித் தெருவுக்கும் பிள்ளையார் கோவிலுக்கும் நடுவில் புகுந்து, ஜமீலா வீட்டைத் தாண்டி, கீழே மறுபடி ஆற்றோடு சேரும் ஒரு கிளை. கறுப்பாக இருந்திருக்க வேண்டும். அதை அழித்திருக்கிறார்கள். தரையிலும் இப்போது அது தெரியாது; குடியேறுவதற்கு முன்னால் வாரியத்தின் சமன்பொறிகள் மண்ணைக் கொட்டி ஊரைத் தட்டையாக்கிக் கொடுத்தபோது, ஆகா, என்ன கரிசனம் என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். மேல்மதகுக்கு இந்த அழிப்பு தெரியாது. அது மூலத்தாளைப் பார்த்து வெள்ளிக்கிழமை தண்ணீரை அந்தக் கிளைக்குள் அனுப்பும்.

யார் அழித்தது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கறுப்பை அவ்வளவு சுத்தமாக எடுத்துவிட்டு, பழுப்பைத் தொடவேண்டும் என்று தோன்றாத ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். 'இருக்காது, இருக்கவே இருக்காது. வேறு யாராவது அவர் பேரில் செய்திருப்பார்கள்' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். ஒப்பத்தைத் திறந்து பார்த்தாள். பரந்தாமன், அதற்குக் கீழே வேதவல்லி.

கம்பிவண்டியில் மலையேறும்போது கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. ஆனைமேட்டில் ஒரு காலத்தில் அவர்கள் அவிழ்வீடுகள் இருந்த இடத்தில், சன்னலே இல்லாத பெரிய பெரிய வெள்ளைக் கட்டடங்கள் நின்றன. மேகக்கிடங்கு என்பார்கள். ஊர் உலகத்தின் கணக்கு, பேச்சு, படம் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் பொறிகள். ஈரம் பட்டால் அவ்வளவுதான், அதனால் எந்தத் தாளிலும் நனையாத மேடு அவற்றுக்கு வேண்டும். வேதவல்லி அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். ஊர் காலி செய்த பிறகு யாரோ பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். நனையாத மேட்டிலிருந்து ஊரைக் கிளப்பியது தான்தான் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

குடியிருப்பில் கதவைத் திறந்தது மதி. பதினைந்து வயசுக்கு அம்மாவைவிட ஒரு பிடி உயரமாக இருந்தாள்.

"அம்மா! என்னம்மா சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே?"

"முகாம் எப்படிடி இருக்கு?"

"எந்த முகாம்?" என்றாள் மதி. அப்புறம், "அதுவா, அது நடக்கவே இல்லையே. அப்பா சும்மா இங்கயே இருன்னு சொல்லிட்டாரு. புதுப் பள்ளிக்கூடத்துல சேத்தாச்சும்மா. தண்ணி ஊருக்குள்ள வர்றதுக்குள்ள அம்மாவும் மேல வந்துடுவாங்கன்னு சொன்னாரு, அதே மாதிரி வந்துட்டியே! ஜமீலா பெரியம்மா எல்லாம் எங்க போறாங்க? இங்கயா வராங்க?"

குழந்தை கள்ளமில்லாமல் கேட்டது. ஊருக்குள் தண்ணீர் வரும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. அம்மா எல்லாருக்கும் சொல்லியிருப்பாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

உள்ளேயிருந்து பரந்தாமன் வந்தார். வேதவல்லியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "மதி, நீ கொஞ்சம் கீழ போய் நடந்துட்டு வாம்மா" என்றார். அவள் போனதும் கதவைச் சாத்தினார்.

"பழுப்பை மறந்துட்டீங்க" என்றாள் வேதவல்லி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மேலிடத்துக்கு ஆனைமேடு தேவைப்பட்டுச்சு வேதா. அங்க ஆறு வரும்னு என் பங்குத் தாளை வச்சு உன்னை நம்ப வச்சேன். வாரியம் சொன்னா ஜனங்க கிளம்ப மாட்டாங்க. நீ சொன்னா கிளம்புவாங்க. அதுக்கு உனக்கு நம்பிக்கை வர்ற மாதிரி ஓர் இடம் வேணும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உனக்குப் பொய் சொல்ல வராது. உன் முகமே காட்டிக் குடுத்துடும். அதனாலதான் சொல்லல."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பாராட்டு இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எப்பதான் சொல்றதா இருந்தீங்க?"

"இந்தத் தாளோட முறை வர்றதுக்குள்ள ஏதாவது வழி பண்ணிடலாம்னு நெனச்சேன். சொல்லிப் பார்த்தேன், மேல யாரும் காது குடுக்கல. வியாழக்கிழமை உன்னை எப்படியும் மேல கூட்டிட்டு வந்திருப்பேன். சத்தியமா."

"ஊரை?"

"சங்கு ஊதுவாங்க. படகு அனுப்பறதா சொல்லியிருக்காங்க. அதோட, அந்தக் கிளையில தண்ணி வராமலே போனாலும் போகும், வேதா. நீலம் நிறைஞ்சாத்தானே கறுப்புக்குப் போகும்? மழை ரொம்பப் பெஞ்சாத்தான்."

"அவ்வளவு நம்பிக்கை இருந்தா மதியை எதுக்கு மேல கொண்டாந்தே?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் பேசியதில்லை. பேசிவிட்டோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லு. பொண்ணைக் கொண்டாந்தே, நீ வந்துட்டே. என்னை மட்டும் ஏன் அங்க விட்டுட்டு வந்தே?"

"நீ கிளம்பினா ஊரே கிளம்பிடும். அப்புறம் ஏன், எதுக்குன்னு ஆனைமேடு விஷயமும் வெளிய வரும். திறப்பு வரைக்கும் நீ அங்க இருக்கணும்னு..."

"வயக்காட்டுல பொம்மை நடுவாங்களே, அந்த மாதிரி நட்டு வச்சிருக்கே என்னை."

"வேதா, நம்ம குடும்பத்துக்காகத்தான்..."

"பேசாதே" என்றாள் அவள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. உடம்பெல்லாம் கொதித்தது. எத்தனை இரவு இந்த மனுஷனுக்குப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவர் அவள் கழுத்தை அறுத்ததோடு விடவில்லை, அவள் கையிலேயே கத்தியைக் கொடுத்து ஊர் கழுத்தில் வைக்கச் செய்துவிட்டார்.

கீழே மதி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். வேதவல்லி அவள் தலையைத் தடவிவிட்டு, "அப்பா சொல்றதைக் கேட்டுக்கிட்டு இங்கயே இரு" என்றாள். கம்பிவண்டி பாதி தூரம் இறங்கிய பிறகுதான், மகளைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு நொடிகூடத் தனக்குத் தோன்றவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சந்தைத் திடலில் கூட்டம். கரைவீடு மத்தியானத்திலிருந்து பூட்டிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் பயந்துபோய்க் கூடியிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஒரே ஆரவாரம். "வந்துட்டாங்கப்பா, வந்துட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். நிம்மதியில் சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

அவள் மேடையில் ஏறிச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். புதூர் நிலைமேடு இல்லை. ஊருக்குக் குறுக்கே ஓர் ஓடை இருக்கிறது, தாளில் அதை அழித்துவிட்டார்கள், அழித்தது என் புருஷன். வெள்ளிக்கிழமை தண்ணீர் வரும். எல்லாரும் கிளம்புங்கள்.

ஊர்க்குழுத் தலைவர் முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். நல்ல மனுஷர், வேதவல்லியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"எங்கம்மா ஓடை? காட்டு."

ஒளித்தாளைத் திடலிலேயே விரித்தாள். மூன்று மூக்குகளையும் காட்டினாள். குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

"கோடு எதுவும் இல்லியே."

"கோட்டை அழிச்சிட்டாங்கண்ணே. வளைவைப் பாருங்க. பள்ளம் இல்லாம இந்த வளைவு வராது."

"இத்தனூண்டு வளைவுக்கா வூட்டை வுட்டுட்டுப் போவச் சொல்றே?" என்று ஒருவர் கேட்டார். பின்னாலிருந்து இன்னொரு குரல்: "ஆனைமேட்டுல இருந்தும் இப்பிடித்தானே கிளப்பின. நாம வந்ததும் அங்க கட்டடம் எழும்பிச்சு. இப்ப இந்த எடத்துக்கும் எவனாவது ஆசப்பட்டுட்டானா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முனிரத்தினம் கையை உயர்த்தினார். "தங்கச்சி, நீ பொய் சொல்றேன்னு சொல்லல. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏதோ மனத்தாங்கல் போல. நாளைக்கு நாலு பேரு வாரியத்துக்குப் போய்க் கேட்டுட்டு வரட்டும். அப்புறம் முடிவு பண்ணலாம்."

வாரியம் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். இந்த அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, நிம்மதியாக இருங்கள் என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பும். அதற்குள் வியாழக்கிழமை ஆகிவிடும். மறுபடி வளைவைப் பற்றிச் சொன்னாள், மூலத்தாளைப் பற்றிச் சொன்னாள், தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஜனங்கள் இரண்டு மூன்று பேராகக் கலையத் தொடங்கினார்கள்.

ஜமீலா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் தாளைப் பார்க்கவில்லை.

"மதி எங்க?" என்றாள்.

வேதவல்லி குனிந்து ஒளித்தாளை மூடினாள்.

"முகாமுன்னியே. முடிஞ்சிடுச்சா?"

"முகாம் இல்லக்கா. மலை மேல பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு."

கலைந்து போனவர்கள் நின்றார்கள். திரும்பினார்கள். வாசகி தன் பெண்ணைக் கரைவீட்டிலிருந்து எடுத்து மேட்டில் வைத்துவிட்டாள். எந்த வளைவும் எந்தக் கோடும் சொல்லி விளங்க வைக்க முடியாததை இந்த ஒரு வார்த்தை சொல்லிவிட்டது. ஒரு பெண்பிள்ளை சத்தமாக அழ ஆரம்பித்தாள். முனிரத்தினத்தின் முகம் வெளுத்தது.

"எப்ப அனுப்பின?" என்றாள் ஜமீலா.

"போன மாசம்."

"அப்ப உனக்குப் போன மாசமே தெரியும்."

இல்லை என்று சொல்லலாம். இன்றைக்கு மத்தியானம்தான் எனக்குத் தெரியும், என்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக் கதறலாம், அது உண்மையும்கூட. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று எதிரே நின்ற முகங்களிலேயே எழுதியிருந்தது. அப்போது மதி போனது தற்செயல் ஆகிவிடும். உடனே ஒருவருக்கு அந்த நம்பிக்கை வரும், அவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றும், நாளைக்கு வாரியத்துக்குப் போய்க் கேட்கலாம் என்பார்கள். மண்சுவர் வைத்த வீட்டை விட்டுப் போக மனசில்லாதவர்களுக்கு ஒரு சின்னச் சாக்கு போதும்.

"தெரிஞ்சுதான் அனுப்பினேன்" என்றாள் வேதவல்லி.

அவ்வளவுதான். முனிரத்தினம் தன் வீட்டை நோக்கி ஓடினார். திடலே ஓடியது. பேர் சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தம், பரணிலிருந்து பெட்டிகள் விழும் சத்தம், வண்டிகளைக் கிளப்பும் சத்தம். ஓடுகிற ஓட்டத்தில் ஒருவர் அவளைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார். "பெத்த வயிறாடி உன்னுது? எங்க பிள்ளைங்க என்ன பாவம் பண்ணிச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். வேதவல்லி பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஜமீலா திட்டியிருக்கலாம், ஓர் அறை விட்டிருக்கலாம். மெதுவாக நடந்து வீட்டுக்குப் போனாள். சுவர்களை எடுத்துக்கொண்டு போக முடியாது, அவளே கட்டியவை. அச்சுப்பொறியையாவது காப்பாற்றலாம் என்று அதைக் கொட்டகையிலிருந்து வாசலுக்கு இழுத்தாள். நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. கனத்த பொறி, ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. மூச்சு வாங்க இழுத்தாள், நகரவில்லை.

வேதவல்லி ஓடிப்போய் மறுமுனையில் கை கொடுத்தாள். இரண்டு பேருமாகத் தூக்கியதும் பொறி நிலைப்படியிலிருந்து எழும்பியது. அப்போதுதான் ஜமீலா நிமிர்ந்து, பிடித்திருப்பது யார் என்று பார்த்தாள். தன் பக்கத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"நீ வுடு" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நாங்க பாத்துக்கறோம்."

தெருவில் பேர் தெரியாத யாரோ ஒரு வண்டிக்காரன் போய்க்கொண்டிருந்தான். ஜமீலா அவனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். அவன் வந்து வேதவல்லி நின்ற இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. வேதவல்லி கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி வழி விட்டாள்.